முகம் ஓர் அமானிதம்

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. அவர்களை நான் குறை கூறமாட்டேன். பொழுதையும் பொருளையும் கரைக்கும் கேளிக்கையாகவே அது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. போதாக்குறைக்கு, நம்மவரைத் திரையில் காண நேர்ந்தபோதெல்லாம், ஒன்று கதாநாயகனுக்காக உயிரைக் கொடுக்கும் தொப்பி அணிந்த பாய் ஒருவரைக் கண்டோம்; அல்லது வெடிகுண்டும் கையுமாய் அலையும் கொடியவன் ஒருவனைக் கண்டோம். வைகறையில் எழுந்து தொழுது, தொழிலுக்குப் போய், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்றுக் கேட்டு அலைந்து, இரவில் களைத்துத் திரும்பும் மனிதரை அங்கே கண்டோமில்லை.

ஆயினும், நடிகரும் இல்லாத, ஆடல் பாடலும் இல்லாத, எழுதி வைத்த வசனமும் இல்லாத வேறொரு வகைப் படம் உண்டு. உண்மையான ஊர், உண்மையான மனிதர், அவர்தம் உண்மையான பாடு ஆகியவற்றையே பொருளாகக் கொண்டது அது. முன்பு அதனைச் செய்திப்படம் என்றும் விவரணப்படம் என்றும் சொன்னார்கள்; இன்று ஆவணப்படம் என்கிறோம். ஆவணம் என்றால் பத்திரம். பத்திரம் என்று ஒன்று இருந்தால் அதற்கு உரியவர் ஒருவரும் இருக்க வேண்டுமல்லவா? ஆவணப்படத்துக்கு உரியவர் யார்? எடுத்தவரா? பணம் போட்டவரா? காமிராவின் முன் அமர்ந்து தம் வாழ்வைச் சொன்னவரா? தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட நான், இக்கேள்வியை என் வீட்டுக் கூடத்திலேயே சந்திக்க நேர்ந்தது. அதனைச் சொல்லுமுன், இக்கலை வந்த வழியைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

1968இல் க்வாஜா அஹ்மத் அப்பாஸ் 16 நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். நான்கு நகரங்களின் கதை என்பது அதன் பெயருக்குப் பொருள். கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலும் செல்வர் வாழும் வாழ்வையும் ஏழையர் கிடக்கும் கிடையையும் அருகருகே வைத்துக் காட்டியது அப்படம். தணிக்கையாளர்கள் வயது வந்தோருக்கு மட்டுமே என்ற சான்றிதழைத்தான் தர முன்வந்தனர். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியைக் காட்டும் காட்சிகளை வெட்டினால் அனைவருக்குமான சான்றிதழ் கிடைக்கும் என்றனர். அப்பாஸ் உச்ச நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டினார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, வெட்டு எதுவுமின்றிச் சான்றிதழ் தர அரசு இசைந்துவிட்டது. வேறொருவராயின் அத்துடன் வீடு திரும்பியிருப்பார். அப்பாஸோ, படத்தை முன்கூட்டியே தணிக்கை செய்வது முறைதானா என்ற கேள்வியையே மன்றத்தின் முன் வைத்தார். 1970 செப்டம்பர் 24ஆம் நாள் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்பு வழங்கினார். முன்தணிக்கை செல்லும் என்பது தீர்ப்பு. ஆயினும், அதற்குத் தெளிவான வரையறைகள் வேண்டும் என்பதையும், கலைக்கு உரிய இடத்தை மறுத்துவிடலாகாது என்பதையும் அது வலியுறுத்தியது.

வழக்குத் தொடுத்தவரும் தீர்ப்பளித்தவரும் நம்மவர்கள் என்பதில் ஒரு சிறு பெருமிதம் நமக்கு உண்டாகலாம். அதனினும் எண்ணத் தக்கது வேறொன்று. மூன்று மணி நேரக் கற்பனைக் கதைகள் எத்தனையோ சிக்கலின்றி வெளிவந்த நாட்டில், 16 நிமிடப் படம் ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. உள்ளதை உள்ளபடி காட்டும் படத்துக்கு அத்தனை வலிமை இருந்திருக்கிறது.

இனி, நாம் திரையரங்குகளில் கண்டதை நினைவுபடுத்திக்கொள்வோம். மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1948இல் தோன்றியது. 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதன் செய்திப்படங்களைப் பெரிய படத்துக்கு முன்னால் திரையரங்குகள் கட்டாயம் காட்டியாக வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. தாம்பரத்துத் திரையரங்கில் அது ஓடத் தொடங்கியதும், முறுக்கு வாங்க எழுந்து போவோர் போக, எஞ்சியவர்கள் பார்த்தோம். அணைக்கட்டு வரும், கம்பீரமான குரல் அதனை விளக்கும். உழவர் ஒருவர் வருவார். அவர் வாய் அசையும். ஆயினும் நம் காதில் விழுவது அதே கம்பீரக் குரல்தான். அந்த உழவர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

பிறர் குரலை ஏற்றிப் பேசும் இவ்வழக்கத்தை மீறிய படங்களும் இல்லாமல் இல்லை. லண்டனின் ஸ்டெப்னி பகுதியில், இடிந்த வீடுகளில் எலியோடும் மூட்டைப்பூச்சியோடும் வாழ்ந்த ஏழைத் தொழிலாளர்களை 1935இல் படம் பிடித்தவர்கள், அவர்களையே காமிராவின் முன் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ என்பது அப்படம். அதற்குப் பணம் கொடுத்தது எரிவாயு வணிகர்களின் சங்கம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய வீடுகள் இடிந்து புதிய குடியிருப்புகள் எழுந்தால் எரிவாயு அடுப்பு விற்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆயினும், அந்தத் தாய்மார் தம் வாயால் சொன்ன சொல் வணிகர்களின் கணக்கையும் தாண்டி நிலைத்துவிட்டது. நம் பிலிம்ஸ் டிவிஷனிலும் 1967இல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி என்பவர், நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்து, 20 வயதில் அவர்கள் நெஞ்சில் இருப்பதை அவர்களே சொல்லும்படி ‘ஐ ஆம் 20’ என்ற படத்தை எடுத்தார்.

தமிழனுக்கு இக்கலை புதிதன்று. அண்ணல் காந்தியடிகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படத்தை 1940இல் முதன்முதலாக உருவாக்கியவர் ‘குமரி மலர்’ ஆசிரியர் ஏ.கே. செட்டியார். பல நாடுகளுக்கும் அலைந்து, பலர் எடுத்த படச் சுருள்களைத் தேடித் திரட்டினார் அவர். பெருந்தலைவர் ஒருவரைப் பற்றி அவ்வாறு தொடங்கிய முயற்சி, எளிய மக்களின் பக்கம் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின. படச் சுருளின் விலை அப்படி. வீடியோவும், அதன்பின் எண்முறைக் காமிராவும் கைக்கெட்டிய பின்னரே, அரசின் தயவும் முதலாளியின் தயவும் இன்றி ஒருவர் தம் தெருவைப் படம் பிடிக்க முடிந்தது.

அதன் விளைவைத் தமிழகம் கண்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியில் நடந்த பேரணி காவல்துறையின் தடியடியில் சிதறி, தாமிரவருணி ஆற்றில் 17 உயிர்கள் மடிந்ததை ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ பதிவு செய்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலான கொடுமையை, 2005இல் பாரதி கிருஷ்ணகுமாரின் ‘இராமையாவின் குடிசை’ உயிரோடு எஞ்சியவர்களைக் கொண்டே சொல்ல வைத்தது. மதுரைத் தெருவில் மனித மலத்தைக் கையால் அள்ளும் ஒரு பெண்ணின் வேலைப் பொழுதை, 2003இல் அமுதன் ஆர்.பி. ‘பீ’ என்ற படத்தில் காட்டினார். பெயரைக் கேட்டு மூக்கைப் பொத்துவோர், அதனை அள்ளுபவர் மூக்கைப் பொத்தக் கை ஒழியாமல் நிற்பதை அப்படத்தில் காண்பர். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017இல் வந்தது. பல ஊர்களில் திரையிடத் தடை ஏற்படவே, இணையத்தின் வழியே மக்களைச் சென்றடைந்தது.

நம் சமுதாயத்தைப் பற்றிய படங்களுக்கு வருகிறேன். 2011இல் தீபா தன்ராஜ் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ புதுக்கோட்டையில் தாவூத் ஷரிபா கானம் தொடங்கிய பெண்கள் ஜமாஅத்தைப் பற்றியது. மணமுறிவு, வரதட்சணை, ஆதரவற்று நிற்கும் நிலை என்று தம் வழக்கோடு வரும் பெண்களும், அவற்றை விசாரிக்கும் பெண்களும் தங்கள் தமிழிலேயே பேசுகிறார்கள். அந்த ஜமாஅத்தை ஏற்காதவர்கள் நம்மில் பலர் உண்டு. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் மறுப்பவரும் அப்பெண்களின் குரலைக் கேட்ட பின்னரே மறுக்க வேண்டிய நிலையை அப்படம் உண்டாக்கியது. 2013இல் கிம் லாங்கினோட்டோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி, துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மாவைப் பற்றி அவர் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். பருவமெய்தியதும் பள்ளியை இழந்து வீட்டுக்குள் அடைபட்ட சிறுமி, மறைவாகக் கவிதை எழுதிப் பின்னாளில் பேரூராட்சித் தலைவரானதை உலகம் பார்த்தது. அவர் 2025இல் மாநிலங்களவைக்கும் சென்றார்.

அதே 2013இல் கோம்பை எஸ். அன்வர் ‘யாதும்’ என்ற படத்தைத் தந்தார். தமிழ் முஸ்லிம் ஒருவரே காமிராவோடு தம் வேரைத் தேடிப் புறப்பட்டது அது. சொந்த ஊரான கோம்பையில் தொடங்கி, பழைய துறைமுகங்கள், மிளகு வணிக வழிகள், திராவிடச் சிற்ப முறையில் எழுந்த கற்பள்ளிகள் என்று அப்பயணம் நீள்கிறது. வந்தேறிகள் என்று நம்மைச் சொல்லுவோருக்கு, ஓராயிரம் ஆண்டுக் கற்கள் அதில் விடை கூறுகின்றன. அப்படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது. பார்த்து முடித்த பின்னர் எனக்குள் ஓர் எண்ணமும் எழுந்தது. கற்கள் பேசிவிட்டன. அந்தக் கற்களைச் சுற்றி இன்று வாழும் உழைப்பாளிகளின் கைகள் எப்போது பேசும்?

உழைக்கும் கைகளுக்கு எங்கள் தென் புறநகரில் பஞ்சமில்லை. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானபோது அதனுள் வந்து சேர்ந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்கு ‘மெட்ராஸ் கைக்குட்டை’ நெய்து அனுப்பிய அனகாபுத்தூர்த் தறிகள். 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த பல்லாவரம். தோல் ஆலை ஒன்றன் பெயரையே ஊர்ப்பெயராகத் தாங்கிய குரோம்பேட்டை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல், தென் மாவட்டத்து ஏழைகளை இங்கே இறக்கிவிட்டதும் இங்கிருந்து நாள்தோறும் வேலைக்கு ஏற்றிச் சென்றதும் அந்த ரயில்தான்.

இம்மக்களிடம் காமிரா வராமல் இல்லை. பெரும்பாலும் துன்பம் நேர்ந்த அன்றுதான் வந்தது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறும் ஏரிகளும் கரை மீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. பள்ளிவாசல்களில் அடுப்பு மூட்டிச் சமைத்த உணவை நம் இளைஞர்கள் சாதி மத வேற்றுமை பாராது கழுத்தளவு நீரில் சுமந்து சென்றனர். நீர் வடிந்த பின் முடிச்சூரில் உணவுப் பொட்டலம் வழங்கிய இடத்தில் நானும் நின்றிருந்தேன். அங்கே ஒருவர் காமிராவோடு வந்து, பொட்டலத்துக்கு நீளும் கைகளையும் முகங்களையும் நெருங்கி நெருங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒரு தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார்: “சோறு வாங்கும்போது மூஞ்சியப் புடிக்காதீங்க. வூட்டக் கழுவும்போது வந்து புடிங்க.”

ஆவணப்படம் பற்றி நான் படித்த எந்த நூலிலும் இதற்கு மேலான இலக்கணத்தைக் கண்டதில்லை. வாங்கும் கையும் அவருடையதே; கழுவும் கையும் அவருடையதே. இரண்டும் உண்மைதான். ஆனால் முதலாவதை மட்டும் காட்டுபவர் அவரை இரவலராக்கிவிடுகிறார். இடுப்பளவுச் சேற்றைத் தன்னந்தனியே வெளியேற்றி, நனைந்த பாடப் புத்தகங்களைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் உலர்த்தியவர் அப்படத்தில் இல்லாமற் போகிறார்.

முகத்தைக் காட்டுவதால் வரும் இழப்பு மானத்தோடும் நிற்பதில்லை. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட காசநோய் மருத்துவமனையால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ரயில் நிலையமே பெயர் பெற்றது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலாகச் சென்னையில் கண்டறிந்தனர். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்நோயாளிகளுக்கும் சானடோரியமே புகலிடமாயிற்று. அந்த நிலையத்தில் இறங்க எழுபவரைக் கண்டு, அருகிலிருப்பவர் ஒதுங்கி உட்காருவதை 1990களில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அத்தகைய ஒருவரின் முகம் திரையில் வந்தால் அவர் வாடகை வீட்டை இழப்பார், வேலையை இழப்பார், மகளுக்கு வந்த வரனை இழப்பார். தரமணியிலிருந்து பணியாற்றிய அதே டாக்டர் சுனிதி, தம் நோயாளிகள் ஒருவரையொருவர் மணந்து வாழத் துணைநின்றார். அதனை ‘லவ்சிக்’ என்ற படம் 2017இல் சொன்னது. பிறர் அஞ்சி ஒதுங்கும் நோயைப் பற்றிய படத்துக்குள்ளும், மணம் முடித்து வாழ விரும்பும் மனிதரைக் காணலாம் என்பதற்கு அது சான்று. அங்கே காமிராவின் முன் அமர ஒருவர் இசைகிறார் என்றால், தம்மிடமுள்ள மிக விலையுயர்ந்த பொருளை அவர் பிறர் கையில் ஒப்படைக்கிறார் என்றே பொருள். அதற்கு நம் வழக்கில் ஒரு சொல் உண்டு: அமானிதம்.

இனி என் வீட்டுக் கதை. எங்கள் அத்தா நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். உப்பிட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றிலோ குரோம் உப்பிலோ பதனிடுவது அத்தொழில். தொட்டியில் இறங்கி நின்றோரின் கையையும் காலையும் சுண்ணாம்பு தின்றது. பின்னர், பதனிட்ட தோலை அப்படியே அனுப்பாமல் பொருளாக்கி அனுப்ப வேண்டும் என்ற கொள்கை 1970களில் வலுப்பெற்றபோது, காலணி மேல்தோல் தைக்கும் ஆலைகள் பெருகின. என் அக்கா அவற்றுள் ஒன்றில் தையல் பொறியின் முன் 20 ஆண்டுகள் அமர்ந்தார். அத்தொழில் சோறு போட்டது. கிணற்று நீரையும் கெடுத்தது. இரண்டையும் சொல்லாமல் எங்கள் பகுதியின் வரலாற்றை எழுத முடியாது.

தோல் வணிகத்தால் உயர்ந்த நம் பெருமக்களின் கொடையை நாடறியும். ஜமால் முஹம்மது சாகிபின் பெயர் தாங்கி 1951இல் திருச்சியில் எழுந்த கல்லூரி எத்தனையோ ஏழை வீடுகளில் விளக்கேற்றியது. அவர்கள் பெயரைக் கல்லில் பொறித்தது நியாயமே. ஆனால் தொட்டியில் நின்றவர் பெயர் கல்லிலும் இல்லை, தாளிலும் இல்லை. எங்கள் அத்தாவின் படம் என்று வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று: திருமணக் கூட்டத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் தெரியும் பாதி முகம். அவர் குரல் எங்களோடு மடிந்துவிடும்.

கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கும் என் அண்ணனின் பேத்தி இதைக் கேட்டுவிட்டு, “நன்னா, நன்னியையாவது பேச வைத்துப் படம் எடுத்துவிடுகிறேன்” என்றாள். வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. நம் வீட்டுப் பெண்பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றுவதா என்றார் ஒருவர். தொட்டியில் நின்றவர் வீடு என்று தெரிந்தால் பெண் கொடுப்பார்களா என்று இன்னொருவர் கேட்டார். எனக்கு இரண்டாவது கேள்விதான் அதிகம் வலித்தது. முடிவை அக்காவிடமே விட்டோம். 81 வயதான அக்கா சொன்னார்: “முகம் வேண்டாம். கையை எடுத்துக்கோ. கைதானே வேலை செஞ்சது.”

அவ்வாறே எடுத்தாள். 22 நிமிடப் படம். அக்காவின் கைகள் மல்லித்தழை ஆய்கின்றன. ஊசியில் நூல் கோக்கின்றன. குரல் மட்டும் பேசுகிறது. விருந்தினர் வந்தால் அத்தா தம் கைகளைக் கைலி மடிப்புக்குள் ஒளித்துக்கொள்வாராம். அவர் மகனாகிய எனக்கே அது புதிய செய்தி. பிறகு ஒரு விபத்து வருகிறது. எந்திரத்தில் அத்தாவின் இரு விரல்கள் நசுங்கின. நட்டஈடு என்று ஒரு காசும் வரவில்லை. யாருடைய ஷாப்பு என்பதையும் அக்கா சொல்லியிருந்தார்.

எடுத்த படத்தை வெளியே எவருக்கும் காட்டுமுன் அக்காவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். பார்த்து முடித்த அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பேரை எடுத்துடு” என்றார். பேத்திக்கு முகம் வாடிவிட்டது. “நன்னி, படத்தின் உயிரே அதுதான். நடந்த அநியாயத்தை மறைக்கச் சொல்றீங்களா?” என்றாள். கேள்வி நியாயமானது. சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று கற்ற சமுதாயம் நாம். அக்கா நிதானமாக விடை சொன்னார்: “நடந்ததைச் சொல்லு, ஆளைச் சொல்லாதே. அந்த ஒரு ஷாப்பா அப்படி? எல்லா ஷாப்பும் அப்படித்தான். ஒருத்தர் பேரைச் சொன்னா மத்தவங்க எல்லாம் தப்பிச்சுப் போயிடுவாங்க.”

பேத்தி பெயரை நீக்கினாள். நீக்கிய பின் பார்த்தபோது அக்காட்சியின் கூர்மை குறையவில்லை. ஒரு மனிதர் மீது இருந்த குற்றச்சாட்டு, ஒரு காலத்தின் மீதே திரும்பி நின்றது. மற்றொரு நாள் இஷா தொழுகைக்குப் பின், எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, பழைய தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் 15 பேரையும் அவர்கள் வீட்டாரையும் அழைத்துக் காட்டினோம். அவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். படம் முடிந்ததும் முதியவர் ஒருவர் குறை சொன்னார்: “எல்லாம் சரிதான் பாப்பா. ஆனா நாங்க அழுதுக்கிட்டே வேலை செய்யல. தொட்டியில நின்னு பாட்டுப் பாடுவோம், ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணுவோம். அது ஒண்ணும் இதுல இல்லையே.” மறுநாளே அவள் அவர் வீட்டுத் திண்ணைக்குக் காமிராவோடு சென்றாள். ஒரு மணி நேரம் பேசினார், பாடியும் காட்டினார். போட்டுக் காட்டியிராவிட்டால் அப்பாட்டு அவரோடு போயிருக்கும்.

வாசக அன்பர்களே, இந்த அனுபவத்திலிருந்து நான் துணிந்து சொல்லக்கூடியது இதுதான். எடுப்பவர் முதலில் கேட்க வேண்டும். எடுத்ததை முதலில் பேசியவருக்கே காட்ட வேண்டும். அவர் நீக்கச் சொன்னதை நீக்கி, சேர்க்கச் சொன்னதைச் சேர்த்து, ஒரு படியை அவர் வீட்டிலும் வைக்க வேண்டும். அமானிதத்தைப் பேணும் முறை அதுவே. அவ்வாறு பேணப்படும் என்ற உறுதி கிடைக்குமானால், கதவை அடைத்துக்கொள்ளும் உரிமை நமக்கும் குறைந்துவிடுகிறது. நம்மைத் திரையில் பொய்யாகக் காட்டுகிறார்கள் என்று பல்லாண்டுகளாக முறையிட்டு வருகிறோம். முறையீடு உண்மையே. எனினும், மெய்யைச் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறவாமல் இருக்கும்வரை பொய்க்கு எதிராக நிறுத்த நம்மிடம் என்ன இருக்கிறது?

படச் சுருளுக்குப் பொருள் தேட வேண்டிய காலம் போய்விட்டது. காமிரா இன்று நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கிடக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் தொட்டியில் நின்றவர், தறியில் இருந்தவர், கப்பலேறிப் போனவர், பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய் என்று சிலரேனும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஜமாஅத் நூலகங்களில் ஓர் அலமாரியை அவர்கள் குரலுக்கென்று ஒதுக்குவது பெருஞ்செலவன்று. வரும் விடுமுறையில் ஓர் இளைஞர் ஒரு முதியவரிடம் சென்று, ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு, அருகில் அமரட்டும். அந்த எண்ணத்தையும், கேட்டதைப் பேணிக் காக்கும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக.